செவியே விழியாய்

நுழையும்முன்

வினா எழுப்புவது அறிவின் தொடக்கம். தாம் கண்ட விடை தவறு எனத் தெரிந்தவுடன் அதனைக் கைவிடுவது அறிவின் முதிர்ச்சி. காரிருளில் வௌவால் எவ்வாறு வழி அறிகிறது என்னும் வினாவைத் தம் முதுமையில் எழுப்பி, தம் முடிவையே தாம் மாற்றிக்கொண்ட அறிவியல் அறிஞர் ஒருவரின் வாழ்க்கையையும், அவருடைய வினாவுக்கு விடை கிடைத்த வரலாற்றையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இருளில் பிறந்த வினா

1793ஆம் ஆண்டு. இத்தாலி நாட்டில், அறுபத்து நான்கு வயது நிரம்பிய பேராசிரியர் ஒருவர் மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஆந்தை ஒன்றைப் பறக்கவிட்டு, அதன் இயக்கத்தைக் கூர்ந்து நோக்கிக்கொண்டிருந்தார். ஆந்தையின் சிறகடிப்பில் மெழுகுவத்தி அணைந்தது. அறை முழுவதும் இருள் சூழ்ந்தது. அதுவரை தடுமாற்றமின்றிப் பறந்த ஆந்தை, சுவரிலும் பொருள்களிலும் மோதத் தொடங்கியது. இரவில் இரைதேடும் பறவைக்கும் சிறிதளவு வெளிச்சமேனும் தேவை என்பது அவருக்குப் புலனாயிற்று.

பின்னர், அதே போன்ற இருளில் வௌவால்களைப் பறக்கவிட்டார். அவை எதன்மீதும் மோதவில்லை. சுவரை நெருங்கியதும் திரும்பின. வளைந்தும் தாழ்ந்தும் இயல்பாகப் பறந்தன. ஆந்தைக்கு இயலாதது வௌவாலுக்கு எவ்வாறு இயன்றது? இவ்வினாவை எழுப்பியவர் லாசரோ ஸ்பல்லன்சானி. அவர் எழுப்பிய வினா, முழுமையான விடையைப் பெறுவதற்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று.

இளமையும் கல்வியும்

ஸ்பல்லன்சானி 1729ஆம் ஆண்டு, வட இத்தாலியில் உள்ள ஸ்கண்டியானோ என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை வழக்கறிஞர். ரெஜ்ஜியோ எமிலியா நகரில், இயேசு சபையினர் நடத்திய கல்லூரியில் பயின்ற இவர், தந்தையின் வழியில் சட்டம் பயில்வதற்காகப் பொலோனியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

அங்கே அவருடைய வாழ்வின் திசை மாறியது. அவருடைய உறவினரான லாரா பாசி அம்மையார் பொலோனியாவில் இயற்பியல் கற்பித்துவந்தார். பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவுகள் திறவாதிருந்த அக்காலத்தில், 1732ஆம் ஆண்டிலேயே முனைவர் பட்டம் பெற்றவர் அவர். அவருடைய வழிகாட்டலில் ஸ்பல்லன்சானி கணிதத்திலும் இயற்கை அறிவியலிலும் நாட்டம் கொண்டார். சட்டக் கல்வியைக் கைவிட்டார். பின்னர்க் குருத்துவ நிலையை ஏற்று, பாதிரியாராகவும் ஆசிரியராகவும் வாழ்ந்தார். ரெஜ்ஜியோவிலும் மோதெனாவிலும் பணியாற்றியபின், 1769ஆம் ஆண்டு பாவியா பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பொறுப்பை ஏற்றார். தம் இறுதிக்காலம்வரை அங்கேயே பணிபுரிந்தார்.

சோதனையே சான்று

ஸ்பல்லன்சானி வாழ்ந்த காலத்தில், கெட்டுப்போன குழம்பில் நுண்ணுயிர்கள் தாமாகவே தோன்றுகின்றன என்று அறிஞர் பலர் நம்பினர். ஆங்கிலேய அறிஞர் நீடாம் சோதனை ஒன்றின்மூலம் அதனை மெய்ப்பித்ததாகக் கருதினார். ஸ்பல்லன்சானி அச்சோதனையை மேலும் கண்டிப்பான முறையில் மீண்டும் செய்தார். குடுவையின் வாயைத் தீயில் உருக்கி மூடினார். உள்ளே இருந்த சாற்றை நெடுநேரம் கொதிக்கவைத்தார். அத்தகைய குடுவைகளில் உயிர்கள் தோன்றவில்லை. 1765ஆம் ஆண்டு தம் முடிவுகளை வெளியிட்டார்.

உணவு செரிக்கும் முறையை அறிவதற்கு இவர் தம் உடலையே ஆய்வுக்களமாக்கினார். இறைச்சியையும் ரொட்டியையும் சிறு துணிப்பைகளில் இட்டு விழுங்கினார். பின் அவை வெளிவந்தபோது உள்ளிருந்த உணவுக்கு நேர்ந்த மாற்றத்தை ஆராய்ந்தார். இரைப்பைச் சாறு உணவைக் கரைக்கும் ஆற்றல் உடையது என்பதை உறுதிப்படுத்தினார். எரிமலைகளைக் காணும் ஆர்வத்தால் 1788ஆம் ஆண்டு வெசூவியஸ், ஸ்ட்ராம்போலி, எட்னா ஆகிய மலைகளுக்குச் சென்றார். ஐரோப்பா முழுவதும் அவர் பெயர் பரவியது.

புகழோடு பழியும் வந்தது. 1785ஆம் ஆண்டு அவர் கான்ஸ்டாண்டிநோபிளுக்குப் பயணம் சென்றிருந்த வேளையில், பாவியா அருங்காட்சியகப் பொருள்களை எடுத்துக்கொண்டார் என்னும் குற்றச்சாட்டு அவர்மீது எழுந்தது. விசாரணையின் முடிவில் அவர் குற்றமற்றவர் என அறிவிக்கப்பட்டார். இவ்வளவும் கடந்து, ஓய்வை நாடும் வயதில்தான் வௌவால் என்னும் புதிர் அவரை ஆட்கொண்டது.

கண்ணின்றிப் பறந்த வௌவால்

வௌவால் பறவையன்று, அது பாலூட்டி. குட்டி ஈன்று பாலூட்டும் விலங்குகளுள் சிறகடித்துப் பறக்கும் ஆற்றல் பெற்றது வௌவால் மட்டுமே. அதற்குக் கண்கள் உண்டு, பார்வையும் உண்டு. ஆயினும், மனிதக் கண்ணுக்கு எதுவும் புலப்படாத இருளிலும் அது பறக்கிறது. அதன் கண்கள் மிக நுண்ணிய ஒளியையும் உணர்கின்றனவா, அன்றிக் கண்ணுக்கு அங்கே வேலையே இல்லையா என்பதை ஸ்பல்லன்சானி அறிய விரும்பினார்.

முதலில் வௌவால்களின் தலையை ஒளிபுகாத துணியால் மூடினார். அவை மோதின. கண் மறைக்கப்பட்டதே காரணம் என்று அந்நிலையிலேயே முடிவுகட்டியிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. ஒளி புகும் மெல்லிய துணியால் மூடிப் பார்த்தார். அப்போதும் அவை தடுமாறின. ஆகவே, துணி மறைத்தது கண்ணை மட்டுமன்று என்னும் ஐயம் எழுந்தது. இறுதியாகச் சில வௌவால்களின் பார்வையையே நீக்கினார். மேற்கூரையிலிருந்து தொங்கவிடப்பட்ட மெல்லிய நூல்களுக்கு இடையே, பார்வையிழந்த வௌவால்கள் நூலிலும் சிறகு படாமல் பறந்து சென்றன.

அறைக்குள் பறப்பது வேறு. வெளியில் இரைதேடி வாழ்வது வேறு. எனவே, பாவியாவின் மணிக்கோபுரத்தில் வாழ்ந்த வௌவால்களைப் பிடித்து, அவற்றின் பார்வையை நீக்கி வெளியே விட்டார். சில நாள்களுக்குப்பின் விடியற்காலையில் மீண்டும் அங்கே சென்றார். பார்வையிழந்த வௌவால்கள் சில தம் இருப்பிடத்திற்குத் திரும்பியிருந்தன. பார்வையுள்ள வௌவால்களின் வயிற்றைப் போலவே அவற்றின் வயிறும் பூச்சிகளால் நிறைந்திருந்தது. கண் இல்லாமலே அவை பறக்கும் பூச்சிகளைப் பிடித்து உண்டிருந்தன.

இச்சோதனைகள் உயிரினத்திற்குக் கொடுந்துன்பம் விளைத்தவை என்பதை மறைப்பதற்கில்லை. விலங்குகளின் வலியைக் குறித்த அறநெறிகள் வகுக்கப்படாத காலத்தில் அவை நிகழ்ந்தன. பிற்காலத்தில் இதே வினாவை ஆராய்ந்தோர், பார்வையை அழிக்காமல் தற்காலிகமாக மறைக்கும் முறைகளைக் கையாண்டனர்.

கண் இல்லையெனில் வேறெந்தப் புலன் வௌவாலுக்கு வழிகாட்டுகிறது? ஸ்பல்லன்சானி எஞ்சிய புலன்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். தொடு உணர்வைத் தடுக்க உடலிலும் சிறகிலும் வார்னிஷ் பூசினார், வௌவால் பறந்தது. மோப்பத்தையும் சுவையையும் தடுத்துப் பார்த்தார். அவை காரணமல்ல எனக் கண்டார். செவியை அடைத்துச் செய்த முதற்சோதனைகளிலும் தெளிவான விளைவு தோன்றவில்லை. எனவே, மனிதருக்கு இல்லாத ஆறாவது புலன் ஒன்று வௌவாலுக்கு இருக்கக்கூடும் என்று கருதினார். தம் சோதனைகளை விளக்கி, வேறு நகரங்களில் வாழ்ந்த அறிஞர்களுக்கு மடல்கள் எழுதினார். அவர்களும் அவற்றைச் செய்து பார்க்கவேண்டும் எனக் கேட்டுக்கொண்டார்.

ஜெனீவாவிலிருந்து வந்த செய்தி

அம்மடல்களின் செய்தி ஜெனீவா நகரில் வாழ்ந்த லூயி ஜூரின் என்னும் அறுவை மருத்துவரை எட்டியது. அவர் வௌவால்களின் செவிகளை நன்றாக இறுக அடைத்துப் பறக்கவிட்டார். அவை எதிர்ப்பட்ட பொருள்களிலெல்லாம் மோதி வீழ்ந்தன. 1794ஆம் ஆண்டு இம்முடிவு ஸ்பல்லன்சானிக்குத் தெரியவந்தது.

இச்செய்தி, ஸ்பல்லன்சானி கண்ட முடிவுக்கு நேர்மாறானது. ஐரோப்பா அறிந்த பேரறிஞர் அவர். ஜூரினோ அவரைவிட இருபது ஆண்டுகளுக்கு மேல் இளையவர். செய்தியைப் புறக்கணித்திருக்கலாம், சோதனையில் குறைகண்டு மறுத்திருக்கலாம். ஸ்பல்லன்சானிக்கும் தொடக்கத்தில் ஐயம் இருந்தது. ஆனால், அந்த ஐயத்தைத் தீர்க்க அவர் சொற்களை நாடவில்லை. மீண்டும் சோதனையையே நாடினார்.

இம்முறை வௌவாலின் செவித்துளைக்குப் பொருந்தும் நுண்ணிய பித்தளைக் குழாய்களைச் செய்தார். குழாய் திறந்திருந்தபோது வௌவால் இயல்பாகப் பறந்தது. அதே குழாயை அடைத்தபோது தடுமாறி மோதியது. செவியில் குழாயைப் பொருத்தியதால் ஏற்பட்ட வலியோ சுமையோ தடுமாற்றத்திற்குக் காரணமன்று என்பதும், ஒலி தடைப்பட்டதே காரணம் என்பதும் இதனால் தெளிவாயின. ஒரு காரணத்தை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாறாமல் வைத்து ஒப்பிடும் ஆய்வுமுறைக்கு இது சிறந்த எடுத்துக்காட்டு.

ஸ்பல்லன்சானி தம் முந்தைய கருத்தைக் கைவிட்டார். இருளில் வௌவாலுக்கு வழிகாட்டுவது செவியே என ஏற்றுக்கொண்டார். எனினும், ஒரு வினா எஞ்சியது. வௌவால் பறக்கும்போது அவர் எந்த ஒலியையும் கேட்கவில்லை. ஒலியே இல்லாத இடத்தில் செவி எதைக் கேட்கிறது? இதற்கு அவரிடம் விடை இல்லை. விடை தெரியாத இடத்தை அவர் புனைவால் நிரப்பவில்லை. 1799ஆம் ஆண்டு பாவியாவில் மறைந்தார்.

புறக்கணிக்கப்பட்ட உண்மை

அக்காலத்தில் பிரெஞ்சு நாட்டு உடற்கூற்றியல் அறிஞர் குவியே பெருஞ்செல்வாக்குப் பெற்றிருந்தார். வௌவாலின் சிறகுகளில் உள்ள நுண்ணிய தொடு உணர்வே அதற்கு வழிகாட்டுகிறது என்று அவர் கருதினார். இதற்காக அவர் தாமே சோதனை எதனையும் மேற்கொள்ளவில்லை. வார்னிஷ் பூசிய வௌவாலும் தடையின்றிப் பறந்தது என்னும் சான்று அவருடைய கருத்துக்கு எதிராகவே இருந்தது. ஆயினும், குவியேயின் பெயருக்கு இருந்த மதிப்பே மேலோங்கியது. அவர் கூறிய விளக்கத்தைப் பாடநூல்கள் ஏற்றன. செவியால் வழி காண்பது என்னும் கருத்து நகைப்புக்கு இடமாயிற்று. ஸ்பல்லன்சானியின் ஆய்வுக்குறிப்புகளில் பெரும்பகுதி நெடுங்காலம் அச்சேறாமலே கிடந்தது.

1912ஆம் ஆண்டு டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கியது. அதன்பின், இருளில் தடைகளை அறியும் கருவி ஒன்றைக் கப்பலில் அமைக்கலாம் என்று ஹிரம் மாக்சிம் என்னும் பொறியாளர் கூறினார். அதற்கு அவர் வௌவாலையே முன்மாதிரியாகக் கொண்டார். ஆனால், வௌவாலின் சிறகடிப்பில் எழும் தாழ்ந்த ஒலியே எதிரொலிக்கிறது என அவர் தவறாகக் கருதினார். 1920ஆம் ஆண்டு ஆங்கிலேய உடலியல் அறிஞர் ஹார்ட்ரிட்ஜ், வௌவால்கள் உயர் அதிர்வெண் ஒலியைப் பயன்படுத்தக்கூடும் என்னும் கருத்தை முன்வைத்தார்.

கேளா ஒலி கேட்டது

மனிதச் செவி 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியையே கேட்கவல்லது. அதற்கு மேற்பட்டது மீயொலி எனப்படும். 1938ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த டொனால்டு கிரிஃபின், தம் வௌவால்களை இயற்பியல் பேராசிரியர் பியர்ஸ் என்பவரிடம் எடுத்துச் சென்றார். மீயொலியை மனிதர் கேட்கும் ஒலியாக மாற்றித் தரும் கருவி ஒன்றைப் பியர்ஸ் உருவாக்கியிருந்தார். அக்கருவியின்முன் வௌவால்களை வைத்தபோது, அதுவரை அமைதியாகத் தோன்றிய அறை ஒலியால் நிறைந்தது. அமைதியாகப் பறப்பதாக எண்ணப்பட்ட வௌவால்கள் இடைவிடாது ஒலியெழுப்பிக்கொண்டிருந்தன.

கிரிஃபினும் அவருடைய சக மாணவர் ராபர்ட் கலாம்போசும் ஆய்வைத் தொடர்ந்தனர். செவியை அடைத்தால் வௌவால் மோதியது. வாயைக் கட்டினாலும் மோதியது. வாய் ஒலியை அனுப்புகிறது. செவி எதிரொலியை வாங்குகிறது என்பது உறுதியாயிற்று. 1944ஆம் ஆண்டு கிரிஃபின் இவ்வாற்றலுக்கு எதிரொலி இடமறிதல் என்னும் பொருள்படும் பெயரைச் சூட்டினார். ஒலியே இல்லாத இடத்தில் செவி எதைக் கேட்கிறது என்ற வினாவுக்கு விடை கிடைத்தது. ஒலி இருந்தது, அதைக் கேட்கும் செவி மனிதருக்கு இல்லை.

மூளை வரையும் ஒலிப்படம்

எதிரொலி வெறும் காற்றதிர்வே. அது பொருளாகவும் தொலைவாகவும் உணரப்படுவது மூளையில்தான். வௌவாலின் உட்செவியில் நத்தைக்கூடு போன்ற சுருள் உறுப்பு உள்ளது. அதனுள் நீண்டிருக்கும் மென்சவ்வின் ஒரு முனை உயர் அதிர்வெண்ணுக்கும், மறுமுனை தாழ் அதிர்வெண்ணுக்கும் அதிர்கிறது. அங்குள்ள மயிர்ச்செல்கள் அதிர்வை மின்துடிப்பாக மாற்றுகின்றன. அத்துடிப்புகள் செவி நரம்பு வழியாக மூளைத்தண்டை அடைந்து, நடுமூளையைக் கடந்து, பெருமூளைப் புறணிக்குச் செல்கின்றன. மனித மூளையிலும் ஒலி செல்லும் பாதை இதுவே.

இரு செவிகளையும் எதிரொலி அடையும் வலிமையிலும் நேரத்திலும் சிறு வேறுபாடு உண்டு. அவ்வேறுபாட்டை ஒப்பிட்டு, பொருள் இருக்கும் திசையை மூளை கணிக்கிறது. தொலைவைக் கணிப்பது இன்னும் நுட்பமானது. ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் விரைவில் செல்கிறது. 1.7 மீட்டர் தொலைவில் உள்ள பூச்சியில் பட்ட ஒலி, நொடியில் நூற்றில் ஒரு பங்கு நேரத்தில் திரும்பிவிடுகிறது. 17 சென்டிமீட்டர் தொலைவெனில், நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே போதும். இத்தகைய நுண்காலத்தை வௌவாலின் மூளை அளந்தாக வேண்டும்.

1979ஆம் ஆண்டு நோபுவோ சுகா, வில்லியம் ஓ'நீல் ஆகிய ஆய்வாளர்கள் மீசை வௌவால் எனப்படும் இனத்தின் மூளையை ஆராய்ந்தனர். ஒலி எழுப்பியபின் குறிப்பிட்ட கால இடைவெளியில் எதிரொலி வந்தால் மட்டுமே துடிக்கும் நரம்பணுக்களைக் கண்டனர். ஓர் அணுக் கூட்டம் குறுகிய இடைவெளிக்கும், மற்றொன்று நீண்ட இடைவெளிக்கும் எனப் பெருமூளைப் புறணியில் அவை வரிசையாக அமைந்திருந்தன. அளவுகோலில் கோடுகள் இருப்பதைப்போல, தொலைவுகள் மூளையில் இடம்பெற்றிருந்தன.

வௌவால் எழுப்பும் ஒலி மிக உரத்தது. திரும்பும் எதிரொலியோ மிக மெல்லியது. தன் ஒலியாலேயே தன் செவி மரத்துப்போகாதிருக்க, ஒலியெழுப்பும் கணத்தில் நடுச்செவியின் தசை சுருங்கிச் செவியின் கூர்மையைக் குறைக்கிறது. எதிரொலி வருமுன் மீண்டும் தளர்கிறது. இரையை நெருங்க நெருங்க வௌவால் ஒலித்துடிப்புகளை விரைவுபடுத்துகிறது. இறுதிக் கணங்களில் அவை நொடிக்கு நூற்றைம்பதுக்கும் மேலாகின்றன. பெரிய பழந்தின்னி வௌவால்கள் மட்டும் பெரும்பாலும் கண்ணையும் மோப்பத்தையுமே நம்பி வாழ்கின்றன.

நிலைத்த புகழ்

ஸ்பல்லன்சானியிடம் மீயொலியை அறியும் கருவி இல்லை. நரம்பணுவின் துடிப்பைப் பதிவுசெய்யும் வசதியும் இல்லை. அவரிடம் இருந்தவை நூலும், துணியும், பித்தளைக் குழாய்களும், மடல் எழுதும் இறகுப் பேனாவுமே. அவற்றைக்கொண்டே அவர் சரியான விடையின் வாயில்வரை சென்றார். ஆறாவது புலன் என்னும் தம் கருத்தையே பற்றிக்கொண்டிருந்தால், அவ்வாயிலை அவர் அடைந்திருக்க மாட்டார்.

குவியேயும் மாபெரும் அறிஞரே. ஆயினும், இவ்வொரு செய்தியில் பெருமதிப்பு வாய்ந்த அவருடைய சொல்லைச் சிறிய பித்தளைக் குழாய் வென்றது. அவ்வெற்றியை உலகம் அறிய ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகள் ஆயின. யார் கூறினார் என்று நோக்காது, எவ்வாறு நிறுவப்பட்டது என்று நோக்குவதே அறிவியல் மனப்பான்மை. இளையவர் ஒருவரின் சோதனைக்குமுன் தம் முடிவைத் திருத்திக்கொண்ட அம்முதிய பேராசிரியரின் வாழ்வு உணர்த்துவதும் அதுவே.

கற்பவை கற்றபின்

1. செவியில் பொருத்திய பித்தளைக் குழாயைத் திறந்தும் அடைத்தும் ஸ்பல்லன்சானி சோதித்ததன் காரணத்தை விளக்குக.

2. பெருமதிப்புடைய ஒருவரின் கருத்து, சோதனைச் சான்றினும் மேலாக ஏற்கப்படும்போது நேரும் விளைவுகளைப் பற்றி வகுப்பில் கலந்துரையாடுக.

3. ஒலி நொடிக்கு 340 மீட்டர் விரைவில் செல்கிறது எனக் கொண்டு, 3.4 மீட்டர் தொலைவில் உள்ள சுவரிலிருந்து எதிரொலி திரும்ப ஆகும் நேரத்தைக் கணக்கிடுக.